கறுப்பினப் பெண்களும் மார்பகப் புற்றுநோயும்: கூட நடக்க ஆள் வேண்டும்

மல்லிகைப்பந்தல் (சிகாகோ புறநகர்)

அனைவருக்கும் வணக்கம். இந்த இணையக் குழுவில் பெரும்பாலும் படித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

அலுவலகத்தில் ஒன்பது வருடமாக என் பக்கத்து மேசையில் இருக்கும் தோழி கறுப்பினப் பெண். வயது 44. சென்ற கோடையில் இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்கில், இந்த வயதில் இப்படி வருவது சகஜம், ஆறு மாதம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மூன்றாம் மாதமே திரும்பப் போய் நின்று, வாதாடி, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேவுக்குச் சீட்டு வாங்கினாள். மேமோகிராம் ஓரிடத்தில், அல்ட்ராசவுண்ட் இன்னோரிடத்தில், கட்டியிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி மூன்றாவது இடத்தில். ஒவ்வொன்றுக்கும் நடுவே வாரக்கணக்கில் காத்திருப்பு.

பயாப்சி அன்று நான் கூடப் போனேன். அவள் வீடு நகரின் தெற்குப் பகுதியில். பஸ் பிடித்து 95ஆம் தெரு நிலையம், அங்கிருந்து ரெட் லைன் ரயில், இறங்கியதும் மறுபடி பஸ். வழி முழுக்க மடியில் ஒரு மஞ்சள் உறையை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே மேமோகிராம் படங்கள் அடங்கிய குறுந்தகடு. வரவேற்பில் இருந்தவர் அதைக் கணினியில் போட்டுப் பார்த்தார். "இது இங்கே திறக்கவில்லை. படம் எடுத்த இடத்தில் வேறு வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள்" என்று உறையை நீட்டினார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்றிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பொத்தான் போட ஆரம்பித்தாள்.

நான்தான் நகரவில்லை. "நாங்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம், நீங்கள் அவர்களுக்கு போன் செய்து கேளுங்கள்" என்றேன். நாற்பது நிமிடத்தில் படங்கள் கணினி வழியாகவே வந்து சேர்ந்தன. அன்றே பயாப்சி நடந்தது.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நான்கு மாதம் அலைந்த களைப்பு எனக்கு இல்லை, அவளுக்கு இருந்தது. நான் இல்லாவிட்டால் வீட்டுக்குத்தான் போயிருப்பேன், திரும்ப வந்திருப்பேனா தெரியாது என்று அவளே பிறகு சொன்னாள்.

முடிவு டிரிப்பிள் நெகட்டிவ் என்று வந்தது. இரண்டாம் ஸ்டேஜ். இப்போது கீமோ நடக்கிறது.

ஒவ்வோர் அக்டோபரிலும் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு அலுவலக நடைப்பயணத்தில் நானும் நடந்திருக்கிறேன். அதற்கு மேல் என்னைப் போன்ற ஒருத்தி என்ன செய்ய முடியும்? யாரிடம், எதைக் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மருந்துக்கடைக்காரர் (ஹூஸ்டன்)

உங்கள் தோழி நலம்பெற வேண்டுகிறேன், சகோதரி. நான் மருந்தாளுநர். ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டிரிப்பிள் நெகட்டிவ் என்பது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் (புற்றுநோய்ச் செல்லில் மருந்துகள் குறிவைக்கும் இடங்கள்) இல்லாத வகை. தமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் அதனிடம் வேலை செய்யாது. வேகமாகப் பரவும். வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு இந்த வகை ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. இளம் வயதிலும் வருகிறது. ஆகவே மரணம் கூடுதலாக இருப்பதற்கு நோயின் தன்மையே பெரிய காரணம். எல்லாவற்றையும் மருத்துவமனைகள் தலையில் போடுவது நியாயமாகாது என்பது என் கருத்து.

---

எக்ஸ்ரே அறை (சிகாகோ)

மருந்துக்கடைக்காரர் ஐயா, நீங்கள் சொன்ன உயிரியல் முழுக்க உண்மை. ஆனால் அதோடு கணக்கு முடியவில்லை. நான் பதினான்கு வருடமாக மேமோகிராம் எடுக்கிறேன். எங்கள் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1980இல் சிகாகோவில் கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் மார்பகப் புற்றுநோயால் இறந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். 2003இல் கறுப்பினப் பெண்களின் விகிதம் 68 சதவீதம் அதிகம். இருபத்து மூன்று வருடத்தில் எந்த இனத்தின் மரபணுவும் இப்படி மாறாது. மாறியது மருத்துவம். நடுவில் மேமோகிராம் பரவியது, நல்ல மருந்துகள் வந்தன. அவை ஒரு சாராரைச் சென்றடைந்தன, அவர்களின் மரண விகிதம் இறங்கியது. இன்னொரு சாராரைச் சென்றடையவில்லை, அவர்களுடையது இருந்த இடத்திலேயே நின்றது. அந்த 68 சதவீதம் இப்படித்தான் உண்டானது.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதைத்தான் சொல்கிறது. நோய் வருவது கறுப்பினப் பெண்களுக்குச் சற்றுக் குறைவு, இறப்பது ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம்.

சிகாகோ எண்கள் வெளிவந்ததும் 2007இல் மருத்துவர்கள், ஆய்வாளர்கள், நோயைக் கடந்து வந்த பெண்கள் எல்லோரும் ஒரு பணிக்குழுவாகக் கூடினார்கள். மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பினப் பெண்கள் மேமோகிராம் எடுப்பதே குறைவா? எடுத்தாலும் அதன் தரம் குறைவா? நோய் தெரிந்த பிறகு கிடைக்கும் சிகிச்சை குறைவா? மூன்றுக்குமே விடை ஆம் என்பதுதான் வேதனை.

இரண்டாவது கேள்வியைப் பலர் யோசிப்பதே இல்லை. நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது நெஞ்சுத் தசை முலைக்காம்பின் மட்டம் வரை படத்தில் இறங்கித் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மார்பின் ஆழத்திலுள்ள பகுதி படத்திலேயே விழவில்லை என்று பொருள். அங்கே கட்டி இருந்தால் எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் பார்க்க முடியாது. அந்தப் பெண்ணுக்கோ 'எல்லாம் இயல்பு' என்று கடிதம் போய்விடும். தோளைத் தளர்த்தச் சொல்லி, கையை எடுத்துச் சரியாக வைத்து, மார்பை முன்னுக்கு இழுத்து நிறுத்த இரண்டு நிமிடம் கூடுதலாகும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று விரட்டும் இடத்தில் அந்த இரண்டு நிமிடம் கிடைக்காது. அந்தப் படத்தைப் பார்ப்பவர் மார்பகப் படங்களையே பார்த்துப் பழகியவரா, கை எலும்பு முறிவையும் நுரையீரலையும் பார்த்துவிட்டு நடுவில் இதையும் பார்ப்பவரா என்பது அடுத்த கேள்வி.

பணிக்குழு கேட்டதும் பல மருத்துவமனைகள் தங்கள் தரவுகளைத் தாமாகவே கொடுத்தன. குறை தெரிந்த இடங்களில் பயிற்சி நடந்தது. பிந்தைய ஆண்டுகளில் சிகாகோவின் இடைவெளி குறைந்தது. அந்த அமைப்பு இப்போது 'ஈக்வல் ஹோப்' என்ற பெயரில் இயங்குகிறது. மல்லிகை அக்கா, உங்கள் ஊரிலேயே இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

---

சின்னச்சிட்டு

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோட்டுப் பொத்தான் போட ஆரம்பித்தாள் என்ற இடம் மனதை விட்டுப் போகவில்லை.

---

காவிரிக்கரை (டல்லஸ்)

அக்கா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நல்ல மனது புரிகிறது. ஆனால் நம் வீட்டுப் பெண்களே பரிசோதனைக்குப் போவதில்லை. என் அத்தைக்கு முற்றிய பிறகுதான் தெரிந்தது. முதலில் நம்மவர்களைக் கவனிப்போம். மற்றவர்களுக்கு அவர்கள் அமைப்புகள் இருக்கின்றனவே.

---

ஓய்வுபெற்ற தாதி (நியூயார்க்)

வணக்கம் பிள்ளைகள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, நியூயார்க்கில் இருபத்தேழு வருடம் தாதியாக வேலை பார்த்தவள். மல்லிகை, அன்று அந்த வரவேற்பறையில் நீங்கள் செய்தீர்களே, அதற்கு ஒரு பெயர் உண்டு. பேஷண்ட் நேவிகேட்டர் என்பார்கள். நான் தமிழில் வழித்துணை என்று சொல்லுவேன். அதன் கதை உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள மருத்துவமனையில் ஹரோல்ட் ஃப்ரீமன் என்று ஒரு கறுப்பின அறுவை மருத்துவர் இருந்தார். தன்னிடம் வரும் பெண்கள் ஏன் இவ்வளவு முற்றிய நிலையில் வருகிறார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1964 முதல் 1986 வரை அங்கே சிகிச்சை பெற்ற 606 பெண்களின் கணக்கை எடுத்தார். பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பெண்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் ஸ்டேஜில் வந்தவர்கள். ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம்.

அவர் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது ஏழை நோயாளிகளை ஊர் ஊராகக் கூட்டி வைத்து அவர்கள் வாயாலேயே கதையைச் சொல்லக் கேட்டார்கள். 1989இல் அது அறிக்கையாக வந்தது. நோயாளியின் குரல் கொள்கைக்குள் நுழைவது எப்படி என்பதற்கு எனக்கு எப்போதும் இதுதான் நினைவுக்கு வரும். அடுத்த வருடமே, 1990இல், ஹார்லெமில் வழித்துணைத் திட்டத்தை ஆரம்பித்தார். வழித்துணையாக வந்தவர்கள் மருத்துவர்கள் அல்ல. அந்தத் தெருக்களையும் அந்த மனிதர்களையும் தெரிந்தவர்கள். படத்தில் சந்தேகம் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அந்தப் பெண்ணோடு இருப்பார்கள். இன்ஷூரன்ஸ் தாளை நிரப்புவார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் பிடிப்பார்கள், முறைநாளைத் தவறவிட்டால் தொலைபேசியில் அழைப்பார்கள்.

1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனைக்கு வந்த பெண்களில் ஐந்து வருடம் பிழைத்தவர்கள் 70 சதவீதம். இலவசப் பரிசோதனையும் வழித்துணையும் சேர்ந்து செய்த வேலை இது. ஊர் மாறவில்லை, வறுமை மாறவில்லை.

கதவுக்கும் கதவுக்கும் நடுவேதான் பெண்கள் தொலைந்து போகிறார்கள், பிள்ளை. கதவுக்குள் இருப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. எனக்கும் பல வருடம் படவில்லை. "இன்ன நோயாளி வரவில்லை" என்று கோப்பில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன். அப்படி எழுதிய ஒரு பெண் பத்து மாதம் கழித்து முதுகெலும்பு வலியோடு வந்தாள். அந்த முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

---

மறுபிறவி (நியூஜெர்சி)

காவிரிக்கரை தம்பி, உங்கள் அத்தைக்காக வருந்துகிறேன். நானும் இந்த நோயைக் கடந்து வந்தவள். 41 வயதில் தெரிந்தது. ஊரிலுள்ளவர்களோடு வீடியோவில் பேசும்போது தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, இங்கே குளிர் என்று சொல்வேன். ஜூலை மாதத்தில்! என் அம்மாவுக்கே எட்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன். ஆகவே நம்மவர்கள் மூடி மறைப்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் "அவர்கள் அமைப்புகள், நம் அமைப்புகள்" என்று பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

2009இல் அரசின் தடுப்புநலப் பணிக்குழு, சராசரி அபாயம் உள்ள பெண்கள் 50 வயதில் மேமோகிராம் தொடங்கினால் போதும் என்றது. நாற்பதுகளிலேயே தங்கள் சகோதரிகளை இழந்துகொண்டிருந்த கறுப்பினப் பெண்கள் அதை விடாமல் எதிர்த்தார்கள். எங்கள் உடலையும் எங்கள் மரணங்களையும் கணக்கில் எடுங்கள் என்று கருத்துக் கேட்பிலும் நாடாளுமன்ற அலுவலகங்களிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2024 ஏப்ரலில் பரிந்துரை 40 வயதுக்கு இறங்கியது. அந்த மாற்றத்துக்கு விளக்கம் தரும்போது கறுப்பினப் பெண்களின் கூடுதல் மரணத்தைப் பணிக்குழுவே எடுத்துச் சொல்கிறது. இன்று உங்கள் மனைவியிடம் 40 வயதிலேயே மேமோகிராம் எடுங்கள் என்று சொல்வதற்குப் பின்னால் அவர்களின் உழைப்பும் இருக்கிறது.

இன்னொன்று. எனக்கு நோய் வந்தபோது நிரப்பிய படிவத்தில் 'ஆசியர்' என்று ஒரே ஒரு கட்டம். ஜப்பானியரும் வியட்நாமியரும் தமிழரும் ஒரே கட்டத்துக்குள். நமக்கு எந்த வயதில் வருகிறது, எந்த நிலையில் தெரிகிறது என்று அந்தக் கட்டத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் மத்திய அரசு இன விவரம் சேகரிக்கும் விதியைத் திருத்தி, ஆசியருக்குள்ளும் உட்பிரிவுகளைக் கேட்க வேண்டும் என்றது. எண்ணப்படாதவர்களுக்குப் பணமும் வராது, ஆராய்ச்சியும் வராது. இதையும் நான் முதலில் கேட்டது ஒரு கறுப்பினப் பெண்ணின் வாயிலிருந்துதான், கீமோ நாற்காலிகளில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தபோது.

மல்லிகை, நீங்கள் கேட்டதற்கு என் பதில். அறிவியல் பேசத் தயங்காதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கான தேசியக் கூட்டமைப்பு, சாதாரணப் பெண்களுக்கு ஆராய்ச்சியைப் படித்துப் புரிந்துகொள்ளப் 'புராஜெக்ட் லீட்' என்ற பயிற்சி நடத்துகிறது. 1992இல் அந்தக் கூட்டமைப்பின் போராட்டத்தால்தான் பாதுகாப்புத் துறையின் கீழ் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதித் திட்டம் பிறந்தது. எந்த ஆய்வுக்குப் பணம் தரலாம் என்று முடிவெடுக்கும் மேசையில் விஞ்ஞானிகளோடு நோயாளிகளும் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மேசையில் கறுப்பினப் பெண்களும் நம் பெண்களும் போதுமான அளவு இல்லை என்பதே என் குறை. உங்கள் தோழி குணமானதும் அவளை அங்கே அனுப்புங்கள்.

---

மருந்துக்கடைக்காரர் (ஹூஸ்டன்)

எக்ஸ்ரே அறை சொன்ன 1980 கணக்குக்கு என்னிடம் மறுப்பு இல்லை. என் முதல் பதிவில் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாளாக என் துறையிலேயே இதைப் பற்றி யோசித்தேன். ஒன்று தட்டுப்பட்டது.

கீமோவுக்கு முன் இரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்போம். 1500க்குக் கீழே இருந்தால் பல இடங்களில் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள் அல்லது அளவைக் குறைப்பார்கள். புது மருந்துக்கான ஆய்வுகளில் சேர்க்கவும் பெரும்பாலும் அதே எல்லைதான். இப்போது கேளுங்கள். ஆப்பிரிக்க வழியில் வந்தவர்களில் பலருக்குச் சிவப்பணுவில் 'டஃபி' என்ற புரதம் இருப்பதில்லை. ஒருவகை மலேரியாவிலிருந்து அவர்கள் முன்னோரைக் காத்த மாற்றம் அது. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படித்தான். அவர்களுக்கு நியூட்ரோஃபில் எண்ணிக்கை இயல்பிலேயே குறைவாக இருக்கும். அதனால் தொற்று அதிகம் வருவதில்லை, அது அவர்களுக்கு ஆரோக்கியமான அளவுதான். ஆனால் 'இயல்பு' என்ற எல்லைக்கோட்டை வேறொரு இனத்தாரின் இரத்தத்தை வைத்துப் போட்டுவிட்டோம்! நல்ல உடல்நிலையில் இருக்கும் பெண்ணை அந்தக் கோடு ஆய்வுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது, அல்லது பாதி மருந்தோடு அனுப்பிவிடுகிறது.

நான் உயிரியல் என்று நினைத்ததற்குள்ளேயே இப்படி ஒரு மனிதத் தவறு இருந்திருக்கிறது. இருபது வருடமாக அந்த 1500 என்ற எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

டிரிப்பிள் நெகட்டிவுக்கு 2021இல் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து அறுவை சிகிச்சைக்கு முன்பே கொடுக்க அனுமதி பெற்றது. பெரிய முன்னேற்றம். ஆனால் மக்கள்தொகையில் 13 சதவீதம் இருக்கும் கறுப்பினத்தவர், புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். யாருக்கு அதிகம் வருகிறதோ அவர்களிடம் குறைவாகச் சோதித்த மருந்து. இதை மாற்றத்தான் ரிக்கி ஃபேர்லி 2020இல் 'டச்' என்ற அமைப்பைத் தொடங்கினார். டிரிப்பிள் நெகட்டிவைக் கடந்து வந்தவர் அவர். டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசு ஆய்வு என்ற பெயரில் சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த கொடுமைக்குப் பிறகு, 'ஆய்வில் சேருங்கள்' என்று அந்த மக்களிடம் சொல்ல அவரைப் போன்ற ஒருவரால்தான் முடியும். நான் சொன்னால் எடுபடாது, எடுபடவும் கூடாது.

எங்கள் ஹூஸ்டனிலேயே 1994இல் கேரன் ஜாக்சன் தொடங்கிய, இந்த நோயைக் கடந்து வந்த கறுப்பினப் பெண்களின் அமைப்பான 'சிஸ்டர்ஸ் நெட்வொர்க்' இருக்கிறது. மாதம் ஒருநாள் மருந்துகள் பற்றிய சந்தேகங்களுக்கு விடை சொல்ல வரட்டுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.

---

காவிரிக்கரை (டல்லஸ்)

மறுபிறவி அக்கா, நான் அவசரப்பட்டுவிட்டேன். 40 வயது விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு கேள்வி. என் மனைவியின் மேமோகிராமுக்குப் பணம் கேட்கவில்லை. சந்தேகம் என்று மறுபடி கூப்பிட்டு எடுத்த படத்துக்குப் பல நூறு டாலர் பில் வந்தது. (ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது, கடவுளுக்கு நன்றி.) அது ஏன்?

---

எக்ஸ்ரே அறை (சிகாகோ)

முதல் படம் 'தடுப்புப் பரிசோதனை'. அதற்குச் சட்டப்படி காசு வாங்கக்கூடாது. இரண்டாவது படம் 'நோயறியும் பரிசோதனை' என்ற கணக்கில் போய்விடும். ஒரே இயந்திரம், ஒரே அறை, நானே எடுப்பேன். பெயர் மாறியதும் பில் வரும். அந்த பில்லுக்குப் பயந்து திரும்பி வராதவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பல ஆண்டு வாதாடியதில் இது அசைந்திருக்கிறது. 2024 டிசம்பர் இறுதியில் மத்திய அரசின் பெண்கள் தடுப்புநல வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. பரிசோதனையை முழுமையாக்கத் தேவைப்படும் கூடுதல் படங்களும் பயாப்சி ஆய்வும் அதில் சேர்ந்தன. வழித்துணைச் சேவையும் சேர்ந்திருக்கிறது, தாதியம்மா! 2026இல் தொடங்கும் திட்ட ஆண்டுகளிலிருந்து பெரும்பாலான தனியார் இன்ஷூரன்ஸ்கள் இவற்றுக்குக் கைக்காசு கேட்கக்கூடாது. 2024 ஜனவரியிலிருந்து முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரும் வழித்துணைக்குத் தனியாகப் பணம் தருகிறது. ஆனால் பில் போடும் இடங்களில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். பில் வந்தால் உடனே கட்டாதீர்கள், கேளுங்கள். இன்ஷூரன்ஸே இல்லாத, வருமானம் குறைந்த பெண்களுக்கு 1990இல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் இலவசமாகவோ குறைந்த செலவிலோ மேமோகிராம் எடுக்கும் திட்டம் உண்டு. அதுவும் பலருக்குத் தெரியாது.

---

ஓய்வுபெற்ற தாதி (நியூயார்க்)

ஹார்லெமில் வழித்துணை ஆரம்பித்து முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது. இருந்தாலும் வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு அழுதேன், பிள்ளை.

மல்லிகைக்கு ஒரு வார்த்தை மட்டும். அந்த அமைப்புகளுக்குப் போனால் மேடையில் ஏற வேண்டாம். நாற்காலி போடுங்கள், காரில் கொண்டுபோய் விடுங்கள், படிவம் நிரப்புங்கள். பேச வேண்டியவர்கள் அவர்கள்.

---

மல்லிகைப்பந்தல் (சிகாகோ புறநகர்)

எல்லோருக்கும் நன்றி. இந்த இழை முழுவதையும் தோழிக்கு உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொன்னேன். 1500 கதையைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள். சென்ற மாதம் அவளுக்கு ஒரு கீமோவைத் தள்ளிப்போட்டது அந்த எண்ணிக்கையைக் காட்டித்தான்! மறுநாளே மருத்துவரிடம் டஃபி பரிசோதனை பற்றிக் கேட்டாள். அவர் நல்லவர், கோபப்படாமல் எழுதிக் கொடுத்தார். இரத்தம் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றும் செய்தோம். பயாப்சி நடந்த மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி: படத்தில் சந்தேகம் தெரிந்த நாளிலிருந்து பயாப்சி நாள் வரை உங்களிடம் கறுப்பினப் பெண்களுக்கு எத்தனை நாள் ஆகிறது, மற்றவர்களுக்கு எத்தனை நாள் ஆகிறது? அவளுக்கு 51 நாள் ஆயிற்று என்று கீழே எழுதி அவள் கையெழுத்துப் போட்டாள். நான் சாட்சியாகப் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு நேரில் போவோம்.

அடுத்த மாதம் தெற்குப் பகுதியில் ஒரு தேவாலயத்தில் பெண்கள் கூடும்போது அவள் பேசப்போகிறாள். நாற்காலி போடும் வேலை எனக்கு.

வியாழக்கிழமை அடுத்த கீமோ. காலை 6.40 பஸ். மஞ்சள் உறை இப்போது என் பையில் இருக்கிறது.